சீரியல் நம்பர் சொல்லும் வயது

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். டிபன் கடை, பிரியாணிக் கடை, பேக்கரி, ஜூஸ் கடை, கல்யாணச் சமையல்காரர்களின் பாத்திரக் கிடங்கு என்று இந்த வட்டாரத்தில் சோறு போடும் தொழிலுக்குக் குறைவில்லை. சனி, ஞாயிறு வந்தால் நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போகிற கூட்டம் வேறு. இந்தக் கடைகள் ஒவ்வொன்றின் பின்கட்டிலும் நாலைந்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாவாட்டும் டில்டிங் கிரைண்டர், இறைச்சி வைக்கும் டீப் ஃப்ரீசர், வெங்காயம் அரியும் மெஷின், பேக்கரியில் மைதா பிசையும் மிக்சர், ரொட்டி சுடும் அவன். ஒவ்வொன்றின் உடம்பிலும் எங்கோ ஒரு மூலையில் உள்ளங்கையளவு நேம் பிளேட் ஒன்று இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், சுவரைப் பார்த்த பக்கத்தில், யாரும் படிக்காமல்.

வெள்ளிக்கிழமை மாலை ஃப்ரீசர் நின்றுபோகும்போதுதான் அதன் அருமை தெரியும். போனில் மெக்கானிக் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. மாடல் நம்பர் என்ன? சீரியல் நம்பர் என்ன? பதில் சொல்ல முடியாவிட்டால் அவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய், ஸ்பேரை வாங்கிக்கொண்டு மறுபடி வரவேண்டும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் போய்விடும்; உள்ளே இருக்கும் கறியும் மீனும் போய்விடும்.

மாடல் நம்பர் ஒரு வகையைக் குறிப்பது. அதே மாடலில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் வெளிவந்திருக்கும். சீரியல் நம்பர் அவற்றில் உங்களுடைய ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் காட்டுகிறது. ஒரே மாடலைக் கம்பெனிகள் பல ஆண்டுகள் தயாரிக்கின்றன. நடுவில் தெர்மோஸ்டாட் மாறும், கதவு காஸ்கெட் மாறும், ஃபேன் மோட்டார் வேறு இடத்திலிருந்து வரும். மாடல் பெயர் மட்டும் அப்படியே தொடரும். பெட்டி எந்தக் கட்டத்தில் செய்யப்பட்டது என்று தெரியாமல் வாங்கும் காஸ்கெட் அரை அங்குலம் குறைவாக வந்து நிற்பது இதனால்தான்.

அந்த எண்ணுக்குள் பெரும்பாலும் தேதியும் இருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறை கிடையாது. ஆனால் சில பழக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம் என்பது ஒன்று. 2314 என்று தொடங்கினால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். லாரி டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கமும் இதே கணக்குதான், அங்கே வாரம் முன்னால் வரும், ஆண்டு பின்னால். மாதத்துக்கு ஆங்கில எழுத்து வைப்பது இன்னொரு பழக்கம். குளிர்சாதனக் கம்ப்ரசர்களில் பெயர் பெற்ற கோப்லாண்ட் அப்படித்தான் செய்கிறது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்து வரும் எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். 18-க்குப் பின் சி என்று இருந்தால் 2018 மார்ச்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பழைய ஃப்ரீசர் வாங்கப் போகிறவர் பெரும் நஷ்டத்திலிருந்து தப்பலாம். பெட்டிக்கு ஒரு சீரியல் நம்பர், உள்ளே இருக்கும் கம்ப்ரசருக்கு இன்னொன்று. கம்ப்ரசர் வேறு தொழிற்சாலையில் செய்யப்பட்டு வருவதால் அதன் தேதி பெட்டியின் தேதிக்குச் சில மாதங்கள் முந்தியிருப்பது இயல்பு. கம்ப்ரசரின் ஆண்டு பெட்டியின் ஆண்டுக்குப் பிந்தியிருந்தால், நடுவில் ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமல்ல, ஆனால் வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும். கம்ப்ரசர் பல ஆண்டுகள் பழையதாக இருந்தால் யாரோ வேறொரு பெட்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள். விலை பேசுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி இரண்டு எண்களையும் பாருங்கள். கழற்ற மறுத்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

சில கம்பெனிகள் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் வைக்கும். 7 என்றால் 2007-ஆ, 2017-ஆ? அப்போது தகட்டில் இருக்கும் மற்றவை கைகொடுக்கும். முதலில் குளிரூட்டும் கேஸ். ஆர்-12 என்று இருந்தால் மிகப் பழையது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள்களுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்த இனத்து வாயுக்களைக் கொண்டு இந்தியாவில் புது ஃப்ரிட்ஜ் செய்வது 2003 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. ஆர்-22 கொண்டு புதுக் கருவி செய்வதும் 2024 முடிவோடு நின்றுவிட்டது. 2030-க்குள் அந்த வாயுவே பெருமளவு ஒழிந்துவிடும் என்பதால், ஆர்-22 ஃப்ரீசரை இன்று மலிவாக வாங்குகிறவர் நாளை கேஸ் நிரப்ப அலையவேண்டிவரும். ஆர்-290 என்றால் புரொப்பேன், தீப்பிடிக்கும் வாயு. அதனால்தான் ஒரு சுற்றுக்கு 150 கிராம் என்று உலக அளவில் நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தார்கள். எத்தனை கிராம் என்று தகட்டிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் கைக்குக் கிடைத்த கேஸை ஏற்றுகிற மெக்கானிக்கை அடுப்பு எரிகிற அறைக்குள் விடக்கூடாது.

அடுத்தது தயாரிப்பாளரின் முகவரி. சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பிந்தியது. புதுச்சேரி என்று இருந்தால் 2006 அக்டோபருக்குப் பிந்தியது. அந்த மாதம் முதல் தேதிதான் பாண்டிச்சேரி என்ற பெயர் சட்டப்படி மாறியது. பாண்டிச்சேரி என்று இருப்பதை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவுகட்டக் கூடாது. இன்றும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருந்தால் 2017 ஜூலைக்குப் பிந்தியது. அந்த எண் 34-இல் தொடங்கினால் புதுச்சேரிப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு.

பாத்திரத்தில் இருக்கும் முத்திரையை வைத்துக் காலம் கணிக்கும் இந்த வேலைக்கு அரியாங்குப்பத்தை விடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்றே சொல்வேன். காரணம், இதே கொம்யூனில், காக்காயந்தோப்பை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு.

இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர் 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டு ஒன்றைப் பார்த்தார். அது கிடைத்த இடத்தைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்தவர், இங்குள்ள நூலகத்தில் வைத்திருந்த பொருள்களுக்கு நடுவே பளபளப்பான செந்நிற ஓடுகளைக் கண்டார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சூளைகளில் செய்த தட்டு, கிண்ணங்களின் உடைசல்கள் அவை. 1945-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த மண்ணில், அகழாய்வைத் தொடங்கினார். கிடைத்த ஓடுகளில் சிலவற்றின் நடுவில் செய்தவரின் பெயர் முத்திரை பதிந்திருந்தது. விபீ, கமூரி, இத்தா என்று மூன்று பெயர்கள். சோறு, குழம்பு வைத்துச் சாப்பிடுகிற பாத்திரத்தில் பட்டறைக்காரர் வைத்த அடையாளம்.

அதுவரை தென்னிந்தியத் தொல்லியலில் எந்த மண் அடுக்கு எந்த நூற்றாண்டு என்று உறுதியாகச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. அரெஸ்ஸோ சூளைகள் எப்போது இயங்கின, எப்போது அடங்கின என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அந்த ஏற்றுமதி முடிந்துவிட்டது. ஆகவே அந்த ஓடு கிடந்த அடுக்கு ஏறத்தாழ அந்தக் காலம். அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அந்தக் காலம். அதே வகைப் பானை கர்நாடகத்து பிரம்மகிரியில் கிடைத்தபோது அங்கும் காலத்தைக் கணிக்க முடிந்தது. ஒரு பகுதி முழுவதின் வரலாற்றுக் கணக்கும் சில சாப்பாட்டுத் தட்டுகளின் அடி முத்திரையிலிருந்து கிளம்பியது.

இதில் பின்னால் நடந்த திருத்தம்தான் நமக்கு இன்னும் முக்கியம். 1989 முதல் 1992 வரை இங்கே மறுபடி அகழ்ந்த விமலா பெக்லி, அரிக்கமேட்டில் குடியிருப்பு வீலர் சொன்னதற்கு வெகு முன்பே இருந்தது என்று காட்டினார். முத்திரை சொன்னது தட்டு செய்த காலத்தை. தட்டு கப்பலில் ஏறிய நாளையோ, ஊர் தோன்றிய நாளையோ அது சொல்லவில்லை. சீரியல் நம்பரும் அப்படியே. அது தொழிற்சாலையை விட்டு வந்த காலம். பெட்டி டீலர் கிடங்கில் இரண்டு வருடம் கிடந்திருக்கலாம். கேரண்டி ஓடத் தொடங்குவது பெரும்பாலும் பில் தேதியிலிருந்துதான். எனவே எண்ணையும் பில்லையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.

அரிக்கமேட்டு ஓடுகளில் தமிழ் பிராமியில் கீறிய பெயர்களும் உண்டு. பானையின் சொந்தக்காரர் கீறியவை. இன்றைக்கும் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால் பேர் வெட்டித் தருகிறார்கள். ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு அன்னதானம் என்றால் வாடகைக்கு வரும் அண்டாவிலும் குண்டானிலும் கடைப்பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். விடிந்ததும் எந்த அண்டா எந்தக் கடைக்கு என்று குழப்பம் வராது. செய்தவர் அடையாளம், உடையவர் அடையாளம் இரண்டும் வேண்டும். நம் ஓட்டல்களில் இரண்டாவது இருக்கிறது. முதலாவதைத்தான் தேய்த்து அழித்துவிடுகிறோம்.

அழிப்பதில் நம் கைக்கும் பங்குண்டு, கடலுக்கும் பங்குண்டு. கிழக்கே வீராம்பட்டினம் கடற்கரை. உப்புக்காற்று எந்நேரமும் வீசுகிறது. நேம் பிளேட்டுகள் பெரும்பாலும் அலுமினியத் தகடுகள். கரியும் பிசுக்கும் போக்க ஓட்டல்களில் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தை அரித்துவிடும். எழுத்து மறைந்து வெள்ளைத் தகடு மிஞ்சும். ஸ்டிக்கராக ஒட்டியவை நீராவியில் உரிந்துவிடும். தகட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டுச் சுத்தம் செய்தால் போதும். இங்கே ஸ்டீலைப் பற்றியும் சொல்லவேண்டும். மேஜை, சிங்க், அடுப்பு மேடை இவற்றை உள்ளூர்ப் பட்டறைகளில் செய்கிறார்கள். தரம் 304-ஆ 202-ஆ என்று பெரும்பாலும் எங்கும் பொறிப்பதில்லை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று நம்பி வாங்குகிறார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்த அந்த ஸ்டீல் உப்புக்காற்றில் 304-க்கு முன்னால் துருப்பிடிக்கும். தரத்தைப் பில்லில் எழுதி வாங்குவது ஒன்றே வழி.

கிரைண்டரில் வேறு சிக்கல். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய வெட் கிரைண்டர் இன்று அந்த நகரத்தின் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஊத்துக்குளிக் கல்லில் உருளையும் ஆட்டுக்கல்லும் செய்து, சிறு சிறு பட்டறைகளில் பொருத்தி அனுப்புகிறார்கள். பலவற்றில் பட்டறையின் பெயரும் போன் நம்பரும் மட்டுமே இருக்கும். அப்போது மோட்டாரின் தகட்டைத்தான் படிக்கவேண்டும். எத்தனை ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்தத் தர எண் என்று அங்கே இருக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு ஐ.எஸ். 996, த்ரீ ஃபேஸுக்கு ஐ.எஸ். 12615. வெளிநாட்டிலிருந்து வரும் மிக்சரிலும் இந்த வரியைப் பார்க்கவேண்டும். பிரான்சிலிருந்து வந்ததென்றால் அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கச் சரக்கு 60 ஹெர்ட்ஸ். அதன் சாதாரண மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், வோல்டேஜும் பொருந்தாது.

இதுவரை சொன்னது பணம் சம்பந்தப்பட்டது. அடுப்படியில் நிற்கிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட எண்களும் உண்டு, அவற்றை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

19 கிலோ வணிக சிலிண்டரின் கழுத்தைச் சுற்றியுள்ள வளையத்தை மூன்று பட்டைகள் தாங்குகின்றன. அவற்றில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். சி-28 என்றால் 2028 செப்டம்பர் முடிவதற்குள் அந்தச் சிலிண்டர் அழுத்தச் சோதனைக்குப் போகவேண்டும். புதுச் சிலிண்டருக்குப் பத்து ஆண்டில் முதல் சோதனை, அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. கெடு தாண்டியதை இறக்க வந்தால் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. சிலிண்டரை உருட்டி உள்ளே வைக்கிற பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பல கடைகளில் அந்த ஐந்து நிமிடம் இன்னும் செலவாகவில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

விடுதி, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரிச் சமையற்கூடங்களில் நீராவியில் சோறு வடிக்கும் பாய்லர் இன்னொன்று. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதையடுத்துத்தான் 1864-இல் வங்காளத்தில் பாய்லருக்கென்று சட்டம் வந்தது. நாடு முழுவதுக்குமான சட்டம் 1923-இல் வந்தது, 2025-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமே, பதிவு எண்ணைப் பாய்லரின் மேல் அழியாதபடி பொறிக்கவேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டளையிட்டது. 25 லிட்டருக்கு மேற்பட்ட, அழுத்தத்தில் இயங்கும் பாய்லர் உங்கள் சமையற்கூடத்தில் இருந்து, அதில் பதிவு எண் இல்லையென்றால் அதைப் பற்ற வைக்கவே கூடாது.

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் எண்ணைப் பலர் சீரியல் நம்பர் என்று நினைக்கிறார்கள். அது தொழிற்சாலைக்குக் கொடுத்த உரிம எண். அங்கிருந்து வரும் எல்லாக் குக்கரிலும் ஒன்றாகவே இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். போலி முத்திரையைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ நாலாவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜ்-ஃப்ரீசர் இருந்த இடத்தில் தொடங்கியது. அது பரவக் காரணம் கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள். சில நாட்களில் அந்த ஃப்ரிட்ஜின் மாடல் நம்பர் வெளியிடப்பட்டது. ஹாட்பாயிண்ட் எஃப்.எஃப்.175.பி.பி., 2006 முதல் 2009 வரை செய்தது. வீட்டில் அது இருப்பவர்கள் நம்பரைப் பார்த்துக் கம்பெனியிடம் பதிவு செய்யும்படி பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டது. சோதனைகளுக்குப் பிறகு திரும்பப் பெறத் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. ஆனால் சந்தேகம் வந்த சில நாட்களுக்குள் எந்தெந்த வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது என்று தேட முடிந்ததற்குக் காரணம் தகட்டில் இருந்த எண்தான். அரியாங்குப்பத்தில் ஒரு ஃப்ரீசர் வகையைப் பற்றி அப்படி ஓர் எச்சரிக்கை நாளை வந்தால், தங்களுடையது அதுதானா என்று எத்தனை கடைக்காரர்களால் அன்றே சொல்ல முடியும்?

எண் இல்லாத பொருளுக்குப் பொறுப்பு யார் என்பதைச் சட்டம் சொல்லியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு பெறத் தனி அத்தியாயம் உண்டு. தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை என்றால் விற்றவர் பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் தானே உழைத்துப் பிழைக்கச் சிறு மெஸ் வைத்திருப்பவர் தன் பிழைப்புக்கென வாங்கிய கிரைண்டருக்கு நுகர்வோராகவே கருதப்படுவார். இது பலருக்குத் தெரியாததால் வழக்குப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். வழக்குப் போட, வாங்கிய பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதியிருப்பது அவசியம். வெறுமனே கிரைண்டர் ஒன்று என்று எழுதிய பில் எந்தக் கிரைண்டரையும் நிரூபிக்காது. வங்கிக் கடனில் வாங்கியதானால் சரிபார்க்க வரும் அதிகாரியும், தீ இன்சூரன்ஸ் கேட்டால் சர்வேயரும், திருட்டுப் போனால் காவல் நிலையமும் கேட்பது அந்த எண்ணைத்தான்.

எங்கே தேடுவது? ஃப்ரீசரில் உள்பக்கச் சுவரிலோ பின்புறம் கம்ப்ரசருக்கு மேலேயோ. அவனில் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில். கேஸ் ரேஞ்சில் எண்ணெய் சிந்தும் தட்டை இழுத்தால் அதற்குப் பின்னால். மிக்சரில் மோட்டார் தலைக்குப் பக்கத்தில். எடை மெஷினில் அடியில். ஆண்டுதோறும் எடையளவுத் துறை முத்திரையிட்டுத் தரும் சான்றிதழிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். துணியால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். போனில் ஒரு படம். கல்லாப்பெட்டி நோட்டில் ஒரு வரி. படத்தைக் கடை மேஸ்திரிக்கும் அனுப்பிவிடுங்கள், முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் மெஷின் நிற்கும்.

தகடு முழுவதும் அழிந்துவிட்டால் பில் எண்ணையும் வாங்கிய தேதியையும் டீலரிடம் கொடுங்கள். பெரிய கம்பெனிகளில் எந்த சீரியல் நம்பர் எந்த டீலருக்கு எந்தத் தேதியில் போனது என்ற பதிவு இருக்கும். அதிலிருந்து எண்ணைத் தேடி எடுக்கலாம். கிடைத்த எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில், கதவுக்கு அருகே, பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து ஸ்டீலிலேயே வெட்டச் சொல்லுங்கள். கேஸ் குழாயோ எலக்ட்ரிக் வயரோ பின்னால் ஓடாத இடமாகப் பார்த்து.